அயித்தை மகனோட குவாண்டம் கம்பெனியில 25 லட்சம் போடலாமானு அப்பச்சி கேக்குறாக, எதை வச்சு முடிவு பண்றது?

பள்ளத்தூர்ப்பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம், விஷயம் அப்படிங்கிறதால கொஞ்சம் நீளமாத்தான் எழுதுறேன். எங்க அயித்தை மகன் பெங்களூர்ல ரெண்டு நண்பர்களோட சேந்து ஒரு குவாண்டம் கம்ப்யூட்டிங் கம்பெனி நடத்துறாக. குவாண்டம் சிப்புக்கு சிக்னல் அனுப்பி, திரும்பி வர்றதைப் படிக்கிற எலக்ட்ரானிக்ஸ் பெட்டி செஞ்சு சில லேபுக்கு வித்திருக்காக, அடுத்து சொந்தமா 8 க்யூபிட் மெஷின் கட்டுறதா திட்டம் (க்யூபிட்ங்கிறது குவாண்டம் கம்ப்யூட்டரோட அடிப்படைக் கணக்கு அலகு). இப்ப 10 கோடி திரட்டுறாக, அந்தக் காசு உள்ள வந்த பிறகு கம்பெனி மதிப்பு 50 கோடினு போட்டிருக்கு.

அப்பச்சி கோலாலம்பூர்ல கடையை முடிச்சுட்டு வந்தப்ப கொண்டு வந்த காசு டெபாசிட்ல கிடக்கு, அதுலருந்து 25 லட்சம் குடுக்கலாம்னு இருக்காக. "நம்ம வீட்டுப் பிள்ளை தொழில் தொடங்கியிருக்கான், நாம போடாம வேற யாரு போடுவா"ங்கிறாக. எனக்கு அதுல மனத்தாங்கல் ஒண்ணும் இல்ல, அயித்தானும் ரொம்ப நேர்மையானவுக. ஆனா அவுக அனுப்புன அறிக்கையை உக்காந்து படிச்சா எனக்கு பாதி புரியல. கையில 6 கோடி இருக்கு, மாசச் செலவு 45 லட்சம், போன வருஷம் வித்தது 1.4 கோடி, அரசு மானியம் 2 கோடி. அஞ்சாவது வருஷம் 180 கோடி வியாபாரம்னு ஒரு பக்கத்துல பெரிய எழுத்துல போட்டிருக்கு. 1.4 எப்படி 180 ஆகும்னு அந்தப் பக்கத்துல ஒரு வரி கூட இல்ல.

இந்த மாதிரி ஆரம்ப நிலைக் கம்பெனியோட எதிர்காலத்தை எதை வச்சு எடை போடுறது, எந்த நம்பரைப் பாக்கணும், எதைப் பாக்கத் தேவையில்லனு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோட்டையூரான்:

தங்கச்சி, நான் சிங்கப்பூர்ல இருக்கேன், அமெரிக்கப் பங்குச் சந்தையில லிஸ்ட் ஆன குவாண்டம் கம்பெனிகளோட கணக்கை ரொம்ப நாளா படிச்சுட்டு வர்றேன். உங்க அயித்தான் கம்பெனி ரொம்பச் சின்னது, ஆனா பெரிய அண்ணன்மார் கணக்கு எப்படி இருக்குனு பாத்தா இந்தத் தொழிலோட ஜாதகம் ஓரளவு தெரிஞ்சுரும்.

அயன்க்யூ 2021 அக்டோபர்ல நியூயார்க் சந்தைக்கு வந்துச்சு. 2022ல வருமானம் 11.1 மில்லியன் டாலர், 2023ல 22, 2024ல 43.1, வருஷா வருஷம் இரட்டிப்பு, கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 2024ல நிகர நஷ்டம் 331 மில்லியனுக்கு மேல. ரிகெட்டியைப் பாருங்க, 2013ல ஆரம்பிச்ச கம்பெனி, 2022ல 13.1, 2023ல 12, 2024ல 10.8, வருமானம் கீழதான் போயிருக்கு. அவங்க சிப்பு அந்த மூணு வருஷமும் மேம்பட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, அதுக்கும் வருமானத்துக்கும் சம்பந்தமே இல்லாம நம்பர் இறங்குச்சு, ஏன்னா வருமானம் பெரும்பாலும் அரசு லேபும் ஆராய்ச்சிக் காண்ட்ராக்டும்தான், ஒரு காண்ட்ராக்ட் முடிஞ்சு அடுத்தது தள்ளிப் போனா அந்த வருஷம் படுத்துரும்.

டி-வேவ் கதை இன்னும் தெளிவு. 2024 முழு வருஷத்துக்கும் 8.8 மில்லியன். 2025 முதல் காலாண்டுல மட்டும் 15 மில்லியன்! எல்லாரும் குதிச்சாங்க. நடந்தது என்னன்னா ஜெர்மனியோட யூலிஷ் ஆராய்ச்சி மையம் ஒரு மெஷினை விலைக்கு வாங்கிருச்சு. அடுத்த காலாண்டுல பழையபடி 3.1 மில்லியன். அதனால யாராவது ஒரு காலாண்டு வளர்ச்சியைக் காட்டினா எத்தனை வாடிக்கையாளர், அதுல பெரிய ஆள் எத்தனை சதவீதம்னு முதல்ல கேளுங்க.

அப்ப இவங்க எல்லாம் எதை வச்சு வண்டி ஓட்டுறாங்கன்னா, பங்கு வித்த காசுல. விலை ஏறும்போதெல்லாம் புதுப் பங்கு அச்சடிச்சு சந்தையில வித்து பணத்தை வங்கியில போட்டுக்கிறாங்க, 2025 நடுவுல டி-வேவ் கையில 800 மில்லியனுக்கு மேல இருந்துச்சு, அது மெஷின் வித்த காசு இல்ல. இதை நான் தப்புன்னு சொல்லல, பத்து வருஷம் தாக்குப் பிடிக்கணும்னா மழை பெய்யும்போதே ஊருணியை ரொப்பிக்கணும். ஆனா லிஸ்ட் ஆன கம்பெனிக்கு அந்த வழி இருக்கு, உங்க அயித்தானுக்கு இல்ல, அவர் ஒவ்வொரு தடவையும் ஆளைத் தேடிப் போய் உக்காந்து பேசித்தான் வாங்கணும்.

சந்தையோட மனசும் ஒரு நிலையில நிக்காது. 2024 டிசம்பர்ல கூகுள் தன்னோட 105 க்யூபிட் வில்லோ சிப்பை அறிவிச்சதும் எல்லாப் பங்கும் பறந்துச்சு, அடுத்த மாசமே என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் உருப்படியான குவாண்டம் கம்ப்யூட்டருக்கு 15 வருஷம்னா சீக்கிரம், 30ன்னா தாமதம், 20ன்னா நிறையப் பேர் நம்புவாங்கனு ஒரு கேள்விக்குப் பதில் சொன்னாரு, மறுநாள் ஒரே நாள்ல அயன்க்யூவும் ரிகெட்டியும் சுமார் 40 சதவீதம் விழுந்துச்சு. அன்னைக்கு எந்த லேப்லயும் எதுவும் உடையல. அந்த வாரத்துல புதுசா காசு திரட்டப் போயிருந்த சின்னக் கம்பெனிகளை நினைச்சுப் பாருங்க.

முற்றம்:

கோட்டையூர் அண்ணே சொல்றது எல்லாம் சரி, ஆனா இப்படியே பாத்துக்கிட்டு இருந்தா நம்ம நாட்டுல யாருமே எதுவும் ஆரம்பிக்க முடியாது. மத்திய அரசு 2023 ஏப்ரல்ல தேசிய குவாண்டம் மிஷனுக்கு 6,003.65 கோடி ஒதுக்கிருக்கு, 2030-31 வரைக்கும், 50லருந்து 1,000 க்யூபிட் வரைக்கும் மெஷின் கட்டணும்னு இலக்கு. கம்ப்யூட்டிங்குக்கு பெங்களூர் ஐஐஎஸ்சி, தகவல் தொடர்புக்கு சென்னை ஐஐடினு நாலு மையம் போட்டாச்சு. பெங்களூர் க்யூபிஏஐ கம்பெனி 2025 ஏப்ரல்ல 25 க்யூபிட் மெஷினை அறிவிச்சுட்டாங்க. இந்த லேப் எல்லாத்துக்கும் பெட்டி வேணும், அதை சுவிட்சர்லாந்துலருந்தும் இஸ்ரேல்லருந்தும்தானே இப்ப இறக்குறோம்? இங்க செய்யுற பிள்ளைக்கு நம்ம ஊர்க்காசு போனா என்ன தப்பு?

நம்ம காரைக்குடில சிக்ரி, அதான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், வந்ததே அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுத்ததாலதான். அவர் லாபக் கணக்குப் பாத்தா குடுத்தாரு?

குளிர்லேப்:

சொந்த ஊர் கொத்தமங்கலம், மிகக் குறைந்த வெப்பநிலை ஆராய்ச்சியில இருக்கேன், அதனால மெஷின் பக்கம் மட்டும் பேசுறேன். முற்றம், உங்க உணர்வு எனக்கும் உண்டு, ஆனா அழகப்பர் குடுத்தது கொடை, திரும்ப வரணும்னு குடுக்கல. இவங்க அப்பச்சி போடுறது முதலீடா கொடையானு முதல்ல வீட்டுக்குள்ள பேசி முடிவு பண்ணணும், ரெண்டும் நல்லதுதான், ஆனா கணக்கு வேற வேற.

இப்ப அந்த 8 க்யூபிட் மெஷின். சூப்பர்கண்டக்டிங் (மின்தடையே இல்லாத) வகைன்னா சிப்பு 10, 20 மில்லிகெல்வின் குளிர்ல, அதாவது மைனஸ் 273 டிகிரியை ஒட்டி இருக்கணும், வெளி அண்டவெளியை விடக் குளிர். அதுக்கு டைல்யூஷன் ரெஃப்ரிஜரேட்டர்னு ஒரு சாதனம், மேலருந்து தங்க முலாம் பூசின தட்டுகள் அடுக்கடுக்கா தொங்கும், ஒவ்வொரு தட்டும் அதுக்கு மேல உள்ளதை விடக் குளிர், கடைசித் தட்டுல சிப்பு. ஹீலியம்-3 இல்லாம அது ஓடாது, அந்த வாயு டிரிட்டியம்ங்கிற கதிரியக்க ஹைட்ரஜன் சிதையுறதுலருந்து கிடைக்கிறது, உலகத்துல குடுக்குறவங்களே கொஞ்சம் பேர், விலை பயங்கரம். ஃபின்லாந்து, இங்கிலாந்துலருந்து இறக்குனா சாதனம் மட்டுமே சில கோடி ஆயிரும், ஆர்டர் போட்டு வந்து சேரவும் மாசக்கணக்கா ஆகும். 10 கோடில எவ்வளவு இதுக்குப் போகுது, இல்ல ஏதாவது லேபோட சாதனத்தைப் பகிர்ந்துக்கிறாங்களாங்கிறதுதான் முதல் கேள்வி.

ரெண்டாவது கேள்வி இன்னும் முக்கியம். 8 க்யூபிட் மெஷின் வந்தா அதை யார் காசு குடுத்து ஓட்டுவாங்க? 8 க்யூபிட்டுன்னா 2-ன் அடுக்கு 8, அதாவது 256 எண்கள், சாதாரண லேப்டாப் கண் இமைக்கிறதுக்குள்ள அதைக் கணக்குப் போட்டுரும். 30 க்யூபிட்டுக்கே 16 ஜிபி மெமரி போதும். அதுவுமில்லாம ஐபிஎம் நூறு க்யூபிட்டுக்கு மேல உள்ள மெஷின்ல மாசம் 10 நிமிஷம் இலவசமாவே யாருக்கும் குடுக்குது. அதனால "8 க்யூபிட் மெஷினை வாடகைக்கு விட்டு வருமானம்"னு அறிக்கையில இருந்தா அந்த வரியை அடிச்சுருங்க. தங்களோட எலக்ட்ரானிக்ஸ் உண்மையான சிப்புல நல்லா வேலை செய்யுதுன்னு காட்டுற சோதனைக்கூடமா அதைச் சொன்னா அது நியாயம், ரொம்பவே நியாயம்.

என் பார்வையில அவங்க சொத்து அந்தப் பெட்டிதான். ஒரு லேபுக்கு எந்த வகைச் சிப்பு ஜெயிக்கும்னு தெரியாட்டியும் சிக்னல் அனுப்புற பெட்டி வேணும். ஆனா போட்டி சும்மா இல்ல, ஜூரிக் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ், குவாண்டம் மெஷின்ஸ், க்யூப்ளாக்ஸ், கீசைட் எல்லாம் நிக்கிறாங்க, அமெரிக்காவோட ஃபெர்மிலேப் கிக்குன்னு ஒரு திறந்த வடிவமைப்பையே வெளியிட்டிருக்கு, கடையில கிடைக்கிற ஆர்எஃப்-சாக் போர்டை (ரேடியோ சிக்னலைக் கையாளுற சிப்பு உள்ளது) வாங்கி அதைப் போட்டு மாணவர்களே ஓட்டுறாங்க. அப்ப உங்க அயித்தானோட பெட்டியில அதுக்கு மேல என்ன இருக்கு? சிக்னல்ல இரைச்சல் குறைவா, ஒரு சேனலுக்கு விலை குறைவா, பழுதானா மறுநாள் ஆள் வருமா? எங்க லேப்ல ஒரு வெளிநாட்டுப் பெட்டி பழுதாகி அனுப்பினோம், கஸ்டம்ஸ், பேப்பர்னு அது திரும்பி வர்றதுக்குள்ள ஒரு மாணவரோட செமஸ்டரே போச்சு. உள்ளூர்ல சர்வீஸ் இருந்தா நான் கூடக் காசு குடுத்து வாங்குவேன். வாங்குன லேப்ல ஏதாவது ஒண்ணு ரெண்டாவது பெட்டி ஆர்டர் போட்டிருக்கான்னு கேளுங்க. 1.4 கோடி வித்தோம்ங்கிறதை விட அதுதான் பெரிய சேதி.

பள்ளத்தூர்ப்பொண்ணு:

குளிர்லேப் அண்ணே, ரொம்ப நன்றி, ஃபோன் போட்டுக் கேட்டேன். ஒரு லேப் ரெண்டாவது ஆர்டர் குடுத்திருக்காகளாம், அயித்தான் குரல்ல அவ்வளவு சந்தோஷம். குளிர் சாதனத்துக்கு மட்டும் 4 கோடி ஒதுக்கியிருக்காகளாம். அதோட ஆளு சேத்து மாசச் செலவு 90 லட்சம் ஆகும்னும் சொன்னாக. மெஷின் ரெடியாக ரெண்டு வருஷம்னாக. இது சரியா வருமா?

தேவகோட்டை ஆடிட்டர்:

ஆத்தா, நீ குடுத்த நம்பரை வச்சே போட்டுப் பாப்போம். கையில 6, புதுசு 10, மொத்தம் 16 கோடி. குளிர் சாதனத்துக்கு 4 போனா மிச்சம் 12. மாசம் 90 லட்சம்னா 13 மாசத்துக்குக் கொஞ்சம் மேல வரும். பெட்டி வித்து வர்றதையும் மானியத்தையும் சேத்தா 17, 18 மாசம்னு இழுக்கலாம். மெஷினுக்கு ரெண்டு வருஷம். அப்ப மெஷின் ரெடியாகுறதுக்கு ஆறேழு மாசம் முன்னாடியே காசு தீந்துருது. காசு தீரப் போற நேரத்துல, கையில காட்டுறதுக்கு மெஷின் இல்லாம, அடுத்த ஆள்கிட்ட போய் நிக்கணும். அந்த ஆளு விலையைக் குறைச்சுத்தான் கேப்பாக, அதுதான் உலக வழக்கம். இந்த ஓட்டையை அடைக்காம 180 கோடியைப் பத்திப் பேசுறதுல அர்த்தமில்ல.

மானியம் வர்ற நேரத்தையும் கவனி. அரசு லேப்ல பில்லு நிதியாண்டு கடைசியில குவியும், மார்ச்சுல எழுதி மே, ஜூன்ல காசு வர்றதும் உண்டு. கணக்குல வருமானம், கையில காசு இல்லங்கிற நிலைமை சின்னக் கம்பெனியைத்தான் முதல்ல கொல்லும். அதனால லாப நஷ்டக் கணக்கை ஓரமா வச்சுட்டு மாசாமாசம் வங்கி இருப்பு எப்படிப் போகும்னு 24 மாசத்துக்கு ஒரு தாள் கேளு.

அடுத்தது பங்கு கரையுற விஷயம், இதை யாரும் இங்க தொடல. 50 கோடி மதிப்புல 25 லட்சம்னா அரை சதவீதம். இந்தத் தொழிலுக்கு இன்னும் நாலு தடவையாவது காசு திரட்டணும், ஒவ்வொரு தடவையும் 20 சதவீதம் புதுசா வர்றவுகளுக்குப் போகுதுனு வையி. 0.5 முதல்ல 0.4 ஆகும், பிறகு 0.32, 0.256, கடைசியில 0.2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல. அப்பச்சி காசு பத்து மடங்காகணும்னா கம்பெனி சுமார் 1,220 கோடிக்கு விலை போகணும். பத்து மடங்கு வேணாம், 12 சதவீத வட்டிக்கு விட்ட காசு மாதிரி பத்து வருஷத்துல வந்தாப் போதும்னாலும் 25 லட்சம் 77 லட்சத்துச் சொச்சமாகணும், அதுக்கே கம்பெனி 380 கோடிக்கு நிக்கணும். அயித்தான் சொன்னது அத்தனையும் செஞ்சு முடிச்சு, கம்பெனி 300 கோடிக்கு வித்தாலும், வெளியில பேப்பர்ல வெற்றினு எழுதுவாக, அப்பச்சிக்கு அது நம்ம வழக்கமான வட்டிக்கும் கீழ. கம்பெனி ஜெயிக்கிறதும் போட்ட காசு ஜெயிக்கிறதும் ரெண்டு தனித்தனி விஷயம் ஆத்தா, இதை அப்பச்சிகிட்ட உக்கார வச்சுச் சொல்லு, அவுக வட்டிக்கடைக் கணக்குல வளந்தவுக, ஒரு நிமிஷத்துல பிடிச்சுருவாக.

பத்து வருஷம்ங்கிறது கூடக் குறைச்சல்தான். டி-வேவ் 1999ல தொடங்கி 2022லதான் சந்தைக்கு வந்துச்சு. அப்பச்சி வயசுக்கும் மருத்துவச் செலவுக்கும் தேவைப்படுற காசு இதுன்னா கண்டிப்பா வேணாம்.

போடலாம்னு முடிவாச்சுனா ஒரேயடியா 25 போட வேணாம். நம்ம பெரியவுக பர்மாவுக்கு ஆள் அனுப்பினப்ப மூணு வருஷத் தவணை, தவணை முடிஞ்சதும் ஐந்தொகை போட்டுப் பாத்து, சரியா வந்தாத்தான் மேக்கொண்டு. இங்கயும் அப்படியே கேளு, இப்ப 10, மூணாவது லேப் பெட்டி வாங்கி அதுக்குக் காசும் வந்ததும் 15, இதே விலைக்கு. சொந்தக்காரவுகங்கிறதால கேக்கக் கூச்சமா இருக்கும், கேட்டுத்தான் ஆகணும்.

கோட்டையூரான்:

ஆடிட்டர் ஐயா சொன்ன கரையுற கணக்கு அருமை. குவாண்டம்ல காசு போடணும்னு ஆசை மட்டும்னா லிஸ்ட் ஆன பங்குலயே கொஞ்சம் வாங்கலாமே, வேணாம்னா அன்னைக்கே வித்துரலாம். ஒரு நிதியாண்டுல 10 லட்சத்துக்கு மேல வெளிநாட்டுக்கு அனுப்பினா, அந்தக் கூடுதல் தொகைக்கு 20 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிப்பாங்க, பிறகு ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம், வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்லயும் காட்டணும். விலை குதிக்கிற குதியைத்தான் மேல சொல்லிட்டேன்.

பள்ளத்தூர்ப்பொண்ணு:

அப்பச்சிக்கு குவாண்டம் மேல ஆசை இல்ல அண்ணே, அயித்தை மகன் மேலதான் ஆசை. ஆடிட்டர் ஐயா போட்ட கணக்கை அப்படியே வாசிச்சுக் காட்டினேன், ரெண்டு தடவை திரும்ப வாசிக்கச் சொன்னாக, பிறகு "8 க்யூபிட்டை ஒரு வருஷம் தள்ளி வச்சுட்டு பெட்டியை விக்கச் சொல்லு, நான் 10 போடுறேன்"னாக. அயித்தான்கிட்ட அதைச் சொன்னேன், கோவப்படல, கூட்டாளிகளோட பேசிட்டு 24 மாசத் தாளை மாத்தி அனுப்புறேன்னாக. இப்ப ஒரே ஒரு சந்தேகம், பேப்பர்ல "முன்னுரிமை" ஒரு மடங்குன்னு ஒண்ணு போட்டிருக்கு, அது பெரிய முதலீட்டாளருக்கு மட்டும்தானாம், சொந்தக்காரவுகளுக்கு சாதாரணப் பங்காம். அது பரவாயில்லயா?

தேவகோட்டை ஆடிட்டர்:

பரவாயில்லைனு விட்டுறாத. கம்பெனியை வித்தாலோ மூடினாலோ முதல் காசு யாருக்குங்கிறதுதான் அந்த வரி, ஒரு மடங்குன்னா அவுக போட்ட காசு அளவு முதல்ல அவுகளுக்கு. பெரிய ஆளு 9 கோடி போட்டிருக்காகனு வையி, கம்பெனி 9 கோடிக்கு வித்தா மொத்தமும் அவுகளுக்குப் போயிரும், சாதாரணப் பங்கு வச்சிருக்கிற அப்பச்சிக்கு ஒரு ரூபா வராது. ஒரே நாள்ல ஒரே விலைக்கு போடுறவுக எல்லாருக்கும் ஒரே வகைப் பங்கு, பின்னாடி கட்டாயம் சாதாரணப் பங்கா மாறுற முன்னுரிமைப் பங்குதான் வேணும்னு எழுத்துல கேளு. மாட்டேன்னா விலையைக் குறைக்கச் சொல்லு, சாதாரணப் பங்குக்கு அதே விலை எந்த ஊர் நியாயமும் இல்ல.

காசு ரொக்கமா ஒரு ரூபா கூடக் குடுக்காதீக, அப்பச்சி பேருல உள்ள கணக்குலருந்து கம்பெனி இதுக்குன்னு தனியா வச்சிருக்கிற வங்கிக் கணக்குக்குத்தான் போகணும், அதுக்கு முன்னாடி அப்பச்சி பேருல பங்கு வாங்கச் சொல்லி முறையான ஆஃபர் லெட்டர் வந்திருக்கணும். காசு போய் 60 நாளைக்குள்ள பங்கு ஒதுக்கணும், இல்லைன்னா அடுத்த 15 நாள்ல திருப்பித் தரணும், தரலைன்னா 12 சதவீத வட்டியோட குடுக்கணும்னு சட்டமே இருக்கு. அந்த மாத்துன தாள் வந்ததும் இங்க போடு, கம்பெனி பேரை மறைச்சுட்டுப் போடு, மாசம் மாசமா பாத்துச் சொல்றேன்.